பணக்கார மண்ணில் ஏழை மாநிலம் அமைப்பது எப்படி?

வறண்ட பூமியை வறுமையில் வைத்திருப்பதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? இரண்டு பருவம் மழை பொய்த்தால் அது தானாகவே நடந்துவிடும். திட்டத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, உங்கள் கைவரிசையைக் காட்ட வேண்டுமென்றால் வளமான இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தோண்டினால் நிலக்கரி, கொஞ்சம் தள்ளித் தோண்டினால் இரும்புத்தாது, இன்னும் தள்ளினால் செம்பு, மைக்கா, பாக்சைட், யுரேனியம் என்று இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மண்ணின் மேல் பிறந்தவர்களைப் பனியன் கம்பெனி வேலைக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ரயிலேற்றி அனுப்ப முடிந்தால் நீங்கள் நிபுணர்.

இந்தக் கையேட்டில் சொல்லும் முறைகள் எல்லாம் சோட்டாநாக்பூர் பீடபூமியில் சோதித்துப் பார்க்கப்பட்டவை. முன்பு தென் பீகார் என்றார்கள். 2000 நவம்பர் 15 முதல் ஜார்க்கண்ட். நாட்டின் நிலக்கரி இருப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அங்கேதான். 1912-லேயே டாட்டா ஆலையில் எஃகு வார்த்த இடம். இவ்வளவுக்கும் பிறகு, நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கில் ஜார்க்கண்ட் மக்களில் 42.16 விழுக்காட்டினர் ஏழைகள். தாய் மாநிலமான பீகார் 51.91 விழுக்காட்டோடு முதலிடம், ஜார்க்கண்ட் இரண்டாமிடம். லிக்னைட்டும் சுண்ணாம்புக்கல்லும் தவிர நிலத்தடியிலிருந்து பெரிதாக எதுவும் எடுக்காத தமிழ்நாடு 4.89. இந்த இடைவெளியை இயற்கை செய்யவில்லை. கோப்புகள் செய்தன. எப்படி என்று பார்ப்போம்.

முன்வேலை

வந்த முதல் நாளே தொழிற்சாலை, வரி என்று இறங்கிவிடாதீர்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பாதி வேலையை வெள்ளைக்காரன் முடித்துவைத்திருப்பான். 1793-ல் வங்காளத்தில் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம் ஜமீன்தாரை உட்காரவைத்தது; ஜமீன்தாருக்குப் பின்னால் லேவாதேவிக்காரன் வந்தான். காடு திருத்தி உழுத முண்டாக்களும் சாந்தால்களும் தங்கள் நிலத்திலேயே குத்தகைக்காரர்கள் ஆனார்கள். 1855-ல் சாந்தால்கள் எழுந்தார்கள், 1899-ல் பிர்சா முண்டா எழுந்தார். அதன் பிறகு 1908-ல், ஆதிவாசி நிலத்தை வெளியார் வாங்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. இது உங்களுக்கு இடைஞ்சல் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சட்டம் தடுப்பது தனி ஆளைத்தான். அரசாங்கமே பொதுத் தேவை என்று சொல்லி எடுத்தால் சட்டம் ஒதுங்கி வழிவிடும். அதற்கென்றே 1894-ன் நில ஆர்ஜிதச் சட்டம் இருந்தது. போதாதென்று 1957-ல் நிலக்கரி நிலங்களுக்குத் தனிச் சட்டமும் போட்டுக்கொண்டோம்.

ஆளை வெளியே அனுப்பும் பழக்கமும் அங்கே புதிதல்ல. 1830-களிலேயே மொரீஷியஸ் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களில் சோட்டாநாக்பூர் மலைவாசிகள் உண்டு. பிறகு அசாம் தேயிலை. இங்கே கங்காணி கண்டிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில் அங்கே அர்காட்டி என்ற தரகன் அதே வேலையைப் பார்த்தான். அசாமில் நின்றுபோனவர்களின் வாரிசுகளைச் சுதந்திர இந்தியா கையாண்ட விதம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது: ஜார்க்கண்டில் பழங்குடி என்ற சான்றிதழ் பெறும் அதே முண்டா, அதே ஒராவோன், அசாம் தோட்டத்தில் பிறந்தால் பழங்குடி இல்லை. ஆளை நகர்த்தினால் உரிமை உதிர்ந்துவிடும். செலவில்லாத ஏற்பாடு.

விலையில் கை வைத்தல்

இதுதான் முக்கியமான பாடம். மற்றவற்றில் தவறினாலும் இதில் தவறாதீர்கள்.

சுரங்கமும் உருக்காலையும் இருக்கும் இடத்தைச் சுற்றி மற்றத் தொழில்கள் வந்து உட்காருவது இயல்பு. இரும்பு பக்கத்தில் கிடைத்தால் வண்டிக்கூலி மிச்சம். ஆணி செய்பவன், சைக்கிள் செய்பவன், பம்பு செய்பவன், டிராக்டர் செய்பவன் என்று ஒவ்வொருவனாக வந்து கூடாரம் போடுவான். அவனைத் தடுக்கப் போலீஸ் வேண்டாம், தடைச் சட்டம் வேண்டாம். பக்கத்தில் இருப்பதால் கிடைக்கும் ஆதாயத்தை எடுத்துவிட்டால் போதும், வரவே மாட்டான்.

1956-ல் எஃகுக்கு அதைத்தான் செய்தார்கள். நாட்டில் எந்த ரயில் நிலையத்தில் இறக்கினாலும் ஒரே விலை. ஜாம்ஷெட்பூர் ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருப்பவனுக்கும் கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருப்பவனுக்கும் ஒரு டன் ஒரே காசு. அப்படியானால் கோயம்புத்தூர் வரைக்கும் ஏற்றிவந்த கூலியை யார் கொடுத்தது? எல்லாரும் சேர்ந்து. நாடு முழுக்க ஆகும் ரயில் கட்டணத்தைக் கூட்டிச் சராசரி போட்டு அதை ஒவ்வொரு டன் விலையிலும் ஏற்றினார்கள். தலைச்சுமையாகவே எடுத்துப் போகக்கூடிய தூரத்தில் இருந்த பட்டறைக்காரன், தான் ஏற்றாத ரயிலுக்கு டிக்கெட் வாங்கினான். அந்தப் பணத்தில்தான் தூரத்துக்காரனின் சரக்கு ஓடியது. சிமென்ட்டுக்கும் இதே வகை ஏற்பாடு வந்தது. நிலக்கரிக்கு வேறு வழி: தூரம் கூடக் கூட ஒரு கிலோமீட்டருக்கான ரயில் கட்டணம் இறங்கிக்கொண்டே போகும். அதாவது கரியைப் பக்கத்தில் எரிப்பதைவிடத் தூரத்துக்குக் கொண்டுபோவதில் சலுகை அதிகம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லாப் பொருளுக்கும் இதைச் செய்துவிடக் கூடாது. மேற்கே விளையும் பருத்திக்கு இப்படிச் சமவிலை கிடையாது. கிழக்கே நூற்பாலை வைக்க ஆசைப்பட்டவன் பருத்திக்கு முழு வண்டிக்கூலி கொடுத்துத்தான் ஆக வேண்டும். கிழக்கின் இரும்பு எல்லாருக்கும் பொது; மேற்கின் பஞ்சு மேற்குக்கு. நோக்கம் என்ன என்று யாராவது கேட்டால் தயங்காமல் உண்மையைச் சொல்லலாம். நாட்டின் எல்லாப் பகுதிகளும் சமமாகத் தொழில் வளர்ச்சி பெற வேண்டும் என்பதுதான் நோக்கம். அதில் பொய் எதுவும் இல்லை. நல்ல எண்ணத்தோடு செய்த காரியத்தை எதிர்த்துப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பது பணியில் சேர்ந்த சில மாதங்களில் உங்களுக்கே விளங்கும்.

கூடவே வரியிலும் ஒரு கடிவாளம் போடுங்கள். நிலக்கரி, இரும்பு, எஃகு எல்லாம் மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தில் தனி முக்கியத்துவம் வாய்ந்த பொருள்கள். ஆகவே மாநிலம் தன் இஷ்டத்துக்கு விற்பனை வரி போட முடியாது என்றார்கள். 1956-ன் மத்திய விற்பனை வரிச் சட்டம் உச்சவரம்பு வைத்தது, நெடுங்காலம் அது 4 விழுக்காடு. கனிமத்தின் ராயல்டியை டெல்லி நிர்ணயிக்கும். நிலக்கரிக்கு நெடுங்காலம் டன்னுக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. கரி விலை ஏறினாலும் மாநிலத்தின் பங்கு தானாக ஏறவில்லை. மின்சாரத்துக்கு வரி போடும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு, ஆனால் பயன்படுத்தும் இடத்தில்தான், அல்லது விற்கும் இடத்தில்தான். எனவே கரியை எரித்துப் புகையை வாங்கிக்கொள்பவர் ஒருவர், விளக்குப் போட்டு வரி வசூலிப்பவர் இன்னொருவர்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு வாசகர் கொஞ்சம் நெளியலாம். சமவிலையில் வந்த இரும்பை மிக நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்களில் நாமும் உண்டு. கோவை பவுண்டரிகளுக்கு உள்ளூரில் இரும்பும் இல்லை, கோக்கும் இல்லை. பிக் அயர்ன் கிழக்கிலிருந்து வந்தது. அதை உருக்கிப் பம்பாக வார்த்து இந்தியா முழுக்க விற்றோம், பீகார் விவசாயி உட்பட. இதில் கோவைக்காரரின் உழைப்பு இல்லை என்று சொல்ல வரவில்லை. 1930-களிலேயே பைகாரா மின்சாரம் வந்திருந்தது, ஜி.டி. நாயுடு 1937-ல் மோட்டார் செய்துகாட்டியிருந்தார். பஞ்சாலை இயந்திரத்தைப் பழுதுபார்த்தே பொறியாளரான ஒரு தலைமுறை இருந்தது. அதே சமவிலையில்தான் ராஜஸ்தானுக்கும் இரும்பு போனது, அங்கே பம்பு நகரம் எதுவும் முளைக்கவில்லை. சமவிலை நமக்குத் திறமையைக் கொடுக்கவில்லை. திறமைக்கு எதிரே இருந்த நெடுந்தூரத்தைத் துடைத்துக் கொடுத்தது. அதற்கான பில் வேறொருவர் பேரில் போனது.

அதே ஆண்டுகளில் நம் மேடைகளில் ஒலித்த முழக்கம் உங்களுக்குத் தெரியும்: வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது. 1967-ல் அண்ணா முதல்வரானதும் சேலம் உருக்காலை கேட்டு எழுச்சி நாள் நடத்தினார். 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். உற்பத்தி தொடங்க 1980-கள் பிறக்க வேண்டியிருந்தது, அதுவும் கஞ்சமலைத் தாதுவை உருக்கும் ஆலையாக இல்லாமல் எவர்சில்வர் தகடு உருட்டும் ஆலையாக. ஆகவே முழக்கத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த முழக்கத்தில் இருந்த வடக்கு, ஒரே வண்ணம் பூசிய வரைபடம். அதற்குள் பம்பாயும் இருந்தது, நிலக்கரி ஊரான தன்பாத்தும் இருந்தது. அதிகாரிக்கு இது பெரிய வசதி, தம்பி. தெற்கு வடக்கைப் பார்த்துக் கத்தட்டும், மேற்கு அமைதியாக இருக்கட்டும், கிழக்கு யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியாமல் இருக்கட்டும்.

இந்தக் கொள்கையை 1990-களின் தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள். எடுத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். முப்பத்தைந்து ஆண்டுகள் போதும். அதற்குள் தூரத்து ஊர்களில் ஆலையைச் சுற்றி உதிரிபாகப் பட்டறை, பட்டறையைச் சுற்றி பாலிடெக்னிக், அதைச் சுற்றி வங்கிக் கிளை என்று வேர் பிடித்துவிடும். இரும்பு விலை சற்று ஏறியது என்பதற்காக யாரும் வேரோடு கிளம்பிப் போக மாட்டார்கள். பணமும் அப்படித்தான். தமிழ்நாட்டு வங்கிகளில் நூறு ரூபாய் வைப்பு வந்தால் ஏறத்தாழ நூறு ரூபாயும் இங்கேயே கடனாகச் சுற்றுகிறது. பீகாரிலும் ஜார்க்கண்டிலும் நெடுங்காலம் அதில் பாதிகூட உள்ளூர்க் கடனாகத் திரும்பவில்லை. அங்கே கடன் கேட்க ஆளில்லை என்று வங்கி சொல்லும். உண்மைதான், கேட்க வேண்டியவர் வேறு ஊரில் கம்பெனி வைத்திருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றுக்கும் சரக்குக் கட்டணம்தான் காரணம் என்று பாட்னாவில் யாராவது அடித்துச் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஜமீன், சாதி, பள்ளிக்கூடம் கட்டாத ஆட்சிகள், மாட்டுத் தீவனத்தின் பேரில் கருவூலத்தைச் சுரண்டியவர்கள் எல்லாரும் பங்காளிகள். சிமென்ட்டும் இரும்பும் சமவிலையில் கிடைத்த காலத்தில் காமராஜர் பள்ளிக்கூடம் திறந்துகொண்டிருந்தார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் இதுவும் உங்களுக்குச் சாதகம்தான். குற்றவாளிகள் பலர் இருந்தால் கொள்கை வகுத்தவரைத் தேடி யாரும் வர மாட்டார்கள்.

தலைமை அலுவலகத்தைத் தள்ளிவையுங்கள்

சின்ன விஷயம், ஆனால் மறக்காதீர்கள். சுரங்கம் இருக்கும் ஊரில் முதலாளி குடியிருக்கக் கூடாது. கோல் இந்தியா கல்கத்தாவில், செயில் டெல்லியில், டாட்டா ஸ்டீலின் பதிவு அலுவலகம் மும்பையில். தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்துக்குப் பெயரில்தான் பள்ளத்தாக்கு; தலைமை அலுவலகம் கல்கத்தா. கணக்காளர், வக்கீல், விளம்பரக் கம்பெனி, நல்ல பள்ளிக்கூடம், விமான நிலையம் எல்லாம் தலைமை அலுவலகத்தைச் சுற்றி வளரும். சுரங்கத்தைச் சுற்றி வளர்வது டீக்கடை.

திறப்பு விழா

அணையோ ஆலையோ கட்டும்போது உள்ளூர் ஆள் ஒருவரைக் கண்டிப்பாக மேடையேற்றுங்கள். 1959 டிசம்பரில் பாஞ்செட் அணையைத் திறக்க நேரு வந்தார். பொத்தானை அழுத்தும் கௌரவத்தைத் தான் எடுத்துக்கொள்ளாமல், அங்கே வேலை பார்த்த புத்னி என்ற பதினைந்து வயதுச் சாந்தால் பெண்ணிடம் கொடுத்தார். அருமையான படம், பத்திரிகைகள் எல்லாம் போட்டன. அதற்கு முன் அவள் நேருவுக்கு மாலை போட்டிருந்தாள். மாலை போட்டால் கல்யாணம்தான், அதுவும் இனத்துக்கு வெளியே, என்று அவள் ஊர் அவளைத் தள்ளிவைத்தது. சில ஆண்டுகளில் தாமோதர் கழகமும் வேலையிலிருந்து நிறுத்தியது. மறுபடி வேலை கிடைக்க 1980-களில் நேருவின் பேரன் பிரதமராக வர வேண்டியிருந்தது. கழகத்தின் அணைகளில் பிறந்த மின்சாரம் உருக்காலைக்கும் சுரங்கத்துக்கும் ரயிலுக்கும் கல்கத்தாவுக்கும் போனது. நிலம் முழுகியவர்களின் பட்டியல் மட்டும் கோப்பிலேயே தங்கியது. பொகாரோவில் உருக்காலைக்கு நிலம் கொடுத்தவர்களின் வேலைக் கோரிக்கை மூன்றாம் தலைமுறையிலும் ஓயவில்லை.

நிலம் கொடுத்தவருக்கு வேலை தருவதாகச் சொல்லுங்கள். எந்த வேலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பொறியாளர் வேலைக்குப் படிப்பு வேண்டும், படிக்கப் பள்ளி வேண்டும், பள்ளி டவுன்ஷிப்புக்குள் இருக்கிறது, டவுன்ஷிப்புக்குச் சுவர் இருக்கிறது. மிச்சம் இருப்பது மண் சுமக்கும் வேலை, அதுவும் கான்ட்ராக்டர் மூலமாக.

அதுவும் கிடைக்காதவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டுமானால் ராம்கட்டிலிருந்து ராஞ்சி போகும் சாலையில் விடியற்காலையில் நில்லுங்கள். சைக்கிளில் இருநூறு கிலோவுக்கு மேல் கரி மூட்டை ஏற்றி, ஏறி மிதிக்க இடமில்லாமல் மலைச்சாலையில் தள்ளிக்கொண்டே வருவார்கள். கைவிட்ட சுரங்கத்திலும் குவியலிலும் பொறுக்கிய கரி. தாத்தாவின் வயலுக்குக் கீழே இருந்த கரியாகவே இருக்கலாம். சட்டப்படி அது திருட்டு. ஜரியாவில் 1916-ல் கண்டறிந்த நிலத்தடித் தீ இன்னும் எரிகிறது. தீக்கு மேலே குடியிருக்கும் குடும்பங்களை இடம்மாற்ற 2009-ல் பெரும் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். தீயைவிடத் திட்டம் மெதுவாக நகர்கிறது என்பது குறையல்ல. ஒரு நூற்றாண்டு முன்னே கிளம்பியது தீ.

ஆள் அனுப்பும் துறை

ஊரில் வேலை இல்லாமல் செய்தாயிற்று. இனி ஆட்கள் சரியான இடத்துக்குச் சரியான விலையில் போய்ச் சேர வேண்டும்.

இதற்கு ஒரு முன்மாதிரி பஞ்சாப். 1965-ல் உணவுக் கழகம் அமைத்து, கோதுமைக்கும் நெல்லுக்கும் விலை உறுதி கொடுத்து, கொள்முதலைப் பெரும்பாலும் பஞ்சாப், ஹரியானா மண்டிகளில் வைத்தோம். அங்கே நெல் நடவுக்கு ஆள் போதவில்லை. பீகாரில் நெல் விளைந்தும் அரசு கொள்முதல் அவ்வளவாக எட்டிப்பார்க்கவில்லை. முடிவு, பீகார் விவசாயி பஞ்சாபில் நாற்று நட்டார். ஒரே பயிர், ஒரே நாடு. ஒருவர் விளைவிப்பவர், இன்னொருவர் நடவுக்கூலி. அதைச் செய்தது மண்டியின் இருப்பிடம்.

தெற்கே திருப்பூர். தன்பாத்தில் கிளம்பும் ஆலப்புழா எக்ஸ்பிரஸ் பொகாரோ, ரூர்கேலா என்று உருக்காலை ஊர்களைத் தொட்டு, சென்னை, சேலம், ஈரோடு வழியாகத் திருப்பூரில் நிற்கும். இதைவிட விளக்கமான பொருளாதாரப் பாடநூல் கிடையாது. முன்பு இரும்பு வந்த திசையில் இப்போது ஆட்கள் வருகிறார்கள். இரும்புக்காவது கட்டணத்தை எல்லாரும் பகிர்ந்துகொண்டார்கள். ஆள் தன் டிக்கெட்டைத் தானே எடுக்க வேண்டும். அன்ரிசர்வ்டு பெட்டிகளை இரண்டு மூன்றுக்கு மேல் கூட்ட வேண்டாம். நின்றுகொண்டே வருபவன் இறங்கியதும் எந்த வேலைக்கும் சம்மதிப்பான்.

பெண் பிள்ளைகளுக்குத் தனி ஏற்பாடு. முன்பெல்லாம் கொங்கு நாட்டு நூற்பாலைகளுக்கு ராமநாதபுரம், தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பெண்களைக் கொண்டுவந்தார்கள். மூன்று ஆண்டு ஹாஸ்டலில் இருந்து வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை. நம் தென்மாவட்டப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கியதும் வரத்து குறைந்தது. கவலை வேண்டாம் என்று மத்திய அரசே கைகொடுத்தது. 2014-ல் தொடங்கிய கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டத்தில் ஜார்க்கண்ட், ஒடிசா பெண்களுக்குத் தையல் மெஷின் சொல்லிக்கொடுத்து, திருப்பூருக்கும் பெங்களூருக்கும் அனுப்பிவைக்கிறார்கள். பயிற்சிச் செலவு அரசாங்கத்துடையது, சான்றிதழ் அரசாங்கத்துடையது. அர்காட்டியும் கங்காணியும் தோட்ட முதலாளியின் காசில் செய்த வேலையை வரிப்பணத்தில் செய்கிறோம். இரும்பு இருக்கும் மாநிலத்தில் லேத் மெஷின் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று யாராவது கேட்டால், சந்தையின் தேவை அப்படி என்று பதில் எழுதிவிடுங்கள்.

பாதுகாப்புக்குச் சட்டம் வேண்டும் என்பார்கள், இருந்தது. 1979-ன் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் கான்ட்ராக்டருக்கு லைசென்ஸ், பதிவேடு, இடப்பெயர்ச்சிப் படி எல்லாம் சொல்லியது. அந்தப் படி மாதக் கூலியில் பாதி, அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அது. அழகான சட்டம். பதிவேடு இருந்தால்தான் எத்தனை பேர் என்று தெரியும். பதிவேடு வைக்கும் பொறுப்பு கான்ட்ராக்டருடையது. கான்ட்ராக்டரைப் பார்த்தவர் யார்? 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தபோது எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்று எந்த அரசாங்கத்திடமும் கணக்கு இல்லை. நடந்தே கிளம்பினார்கள். மே 1 அன்று முதல் சிறப்பு ரயில் விட்டார்கள், தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு. அடுத்த வாரமே கர்நாடக அரசு, கட்டுமானக் கம்பெனிக்காரர்களைச் சந்தித்துப் பேசிய கையோடு, ஊருக்குப் போகும் ரயில்கள் வேண்டாம் என்று எழுதியது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் மனம் மாறியது. வழியில் இறந்த தொழிலாளர் எத்தனை பேர் என்று செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படி விவரம் இல்லை என்று பதில் வந்தது. கணக்கு வைக்காதீர்கள், தம்பி. வைத்தால் கேட்பார்கள்.

பின்தங்கிய பகுதிக்குச் சலுகை

எல்லாம் முடிந்த பிறகு, அல்லது பாதியில், மனச்சாட்சி உறுத்தும். அதற்கும் மருந்து உண்டு. 1968-ல் பாண்டே குழு, வாஞ்சு குழு என்று இரண்டு அமைத்து, பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியல் போட்டு, அங்கே ஆலை வைப்பவருக்கு முதலீட்டு மானியம் என்று அறிவித்தார்கள். பட்டியலை மாவட்டக் கணக்கில் போடுவதில்தான் வித்தை. தமிழ்நாட்டில் அன்றைய தர்மபுரி பின்தங்கிய மாவட்டம். தொழிற்சாலை எங்கே வந்தது? அதே மாவட்டத்தின் ஓரத்தில், பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டரில் இருந்த ஓசூரில். பென்னாகரத்துக்காரர் இன்றும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பேருந்து ஏறுகிறார். புள்ளிவிவரத்தில் அந்த மாவட்டம் அன்றைக்கே தொழில்மயமாகிவிட்டது. பி. சிவராமன் தலைமையில் பிறகு ஒரு குழு பார்த்தபோது, நாடெங்கும் கதை இதுதான்: ஏற்கெனவே வளர்ந்த நகரங்களுக்கு அருகில் இருந்த கொஞ்ச மாவட்டங்களே மானியத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டிருந்தன. வளர்ந்த மாநிலத்தின் பின்தங்கிய மாவட்டம் என்பதுதான் முதலீட்டாளர் எப்போதும் தேடும் ஊர். மானியமும் உண்டு, நெடுஞ்சாலையும் உண்டு.

ஏளனத்தைக் கொஞ்சம் ஊக்குவியுங்கள்

வருபவரைப் பற்றி வாங்குபவருக்குத் தாழ்வான அபிப்பிராயம் இருப்பது கொள்கைக்கு நல்லது. வடக்கன் என்று சொல்லட்டும். சோம்பேறி என்று ஒரு வாயும், நம் வேலையைப் பிடுங்குகிறான் என்று இன்னொரு வாயும் சொல்லட்டும். இரண்டும் ஒரே ஆள் பேச்சாகவும் இருக்கலாம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவி, தொழிலாளர்கள் ரயில் நிலையத்தில் குவிந்தபோது பனியன் கம்பெனிக்காரர்கள் பதறிப்போனார்கள். இந்தியில் அறிவிப்பு, போலீஸ் அதிகாரிகள் நேரில் போய்ச் சமாதானம், பாட்னாவிலிருந்து ஆய்வுக் குழு. சில நாள்களுக்கு மட்டும், யாருக்கு யார் தேவை என்பது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. இது மாதிரி அடிக்கடி நேர விடக் கூடாது.

வரிப் பங்கீட்டிலும் இந்த மனநிலை உதவும். 15-ஆவது நிதிக்குழு பீகாருக்கு 10.058 விழுக்காடும் தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடும் ஒதுக்கியது. நாம் கட்டும் வரி அவர்களுக்குப் போகிறது என்ற கோபம் இங்கே நியாயமாகவே எழுகிறது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்தைத் தண்டிப்பதை நானும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் இந்தக் கணக்கை 1956-லிருந்து எழுதலாமே என்று யாராவது சொல்லத் தொடங்கினால், கூட்டத்தின் நேரம் முடிந்துவிட்டது என்று அறிவியுங்கள்.

நிவாரணம் கேட்டு வந்தால்

வருவார்கள். அவசரப்பட வேண்டாம், நீதிமன்றம் இருக்கிறது. கனிமத்தின் மேல் மாநிலம் வரி போடலாமா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது தமிழ்நாட்டுச் சுண்ணாம்புக்கல்லில். இந்தியா சிமென்ட்ஸ் வழக்கில் 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள், ராயல்டியே ஒரு வரிதான், அதன் மேல் மாநிலம் இன்னொன்று போட முடியாது என்றார்கள். அந்தத் தீர்ப்பு கிழக்கே நிலக்கரி மாநிலங்களின் கையையும் சேர்த்துக் கட்டியது. கட்டை அவிழ்க்க முப்பத்தைந்து ஆண்டு. சரக்குக் கட்டணச் சமனுக்கும் ஏறத்தாழ அதே முப்பத்தைந்து. நம் நாட்டில் ஒரு தவறு முதிர்ச்சியடைய ஆகும் காலம் அதுபோல் இருக்கிறது. 2024 ஜூலை 25-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், ராயல்டி வரி அல்ல, மாநிலம் வரி போடலாம் என்றது. வழக்கில் முதல் பெயர் ஜார்க்கண்டின் கனிமப் பகுதி வளர்ச்சி ஆணையம்.

இதற்கிடையில் 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து, வரி இனி உற்பத்தியாகும் இடத்துக்கு அல்ல, நுகரும் இடத்துக்கே என்று ஆக்கிவிட்டது. உற்பத்தி செய்யும் மாநிலம் நஷ்டப்படுமே என்று அப்போது முன்வரிசையில் நின்று ஆட்சேபித்தது தமிழ்நாடு. உண்டாக்குகிறவனைவிட வாங்குகிறவனுக்கு ஆதாயம் என்ற விதியின் சூடு முதன்முறையாக நம் பக்கமும் பட்டது. தன்பாத்துக்காரர் யாராவது அந்த விவாதத்தைக் கேட்டிருந்தால் ஒரு தேநீர் கூடுதலாகக் குடித்திருப்பார்.

தீர்ப்பைப் பார்த்துக் கலங்காதீர்கள். பாக்கியை மாநிலங்கள் 2005 ஏப்ரல் 1 முதல் கேட்கலாம் என்று நீதிமன்றம் அடுத்த மாதம் சொன்னது. வட்டி, அபராதம் தள்ளுபடி. தவணை 2026 ஏப்ரலில் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள். நாடாளுமன்றம் நினைத்தால் அந்த அதிகாரத்துக்கு எல்லை போடலாம் என்ற வாசலும் தீர்ப்பிலேயே திறந்திருக்கிறது. அந்த வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். கடைசித் தவணை வரும்போது நீங்கள் செயலாளராகியிருப்பீர்கள். கோப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.